தீப்பெட்டியும் அம்மிக்கல்லும்

21 அக்டோபர் 2012, ஞாயிறு
கோவில்பட்டி

மைத்துனன் பேச்சிமுத்து லீவு முடிந்து இன்று ஷார்ஜாவுக்குக் கிளம்பிவிட்டான். போகிறவன் சும்மா போகக் கூடாதா? ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கிற நேரத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டிக் கேமராவை எடுத்து அவன் அக்கா செண்பகத்தின் கையில் திணித்தான்.

"வச்சுக்கக்கா. அத்தான் அவரு கேமராவ ஒன்னயத் தொட விடமாட்டாரு. நம்ம மங்கைப் பிள்ளைய நீ இதுல எடு."

தொட விடமாட்டேனாம்! நான் அப்படிச் சொன்னதே கிடையாது. ஈரக் கையோடு தொடாதே, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூக்காதே, லென்ஸ் மூடியைக் கழற்றாதே. இவ்வளவுதான் செண்பகத்திடம் சொல்லியிருக்கிறேன். என்னுடையது லென்ஸைக் கழற்றி மாட்டுகிற டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. பழசுதான். ஆனால் பழைய ஆள் மாதிரி, சொன்ன வேலையைச் செய்யும்.

"என்னத்தான், படம் ரெண்டுலயும் ஒண்ணுபோலத்தான் விழும். நீங்க எதுக்கு அம்மிக்கல்லத் தூக்கிட்டு அலையிறீங்க?" என்றான். செண்பகம் பிளாட்பாரத்தில் நின்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "போடா மாப்ள, நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு தீப்பெட்டி செய்றாங்க. ஒனக்கு ஷார்ஜா போயித்தான் ஒரு தீப்பெட்டி வாங்கணுமா?" என்று நானும் விட்டேன். ரயில் நகர்ந்துவிட்டது. கடைசிப் பேச்சு என்னுடையதுதான்.

பதினெட்டு வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவன் நான். வாய்ச்சண்டையில் நம்பிக்கை இல்லை. ரெண்டு கேமராவையும் வைத்து முறையாகச் சோதித்துப் பார்க்கப் போகிறேன். பாங்கில் கொடுத்த இந்த டைரி வருஷம் முழுக்கச் சும்மாதான் கிடந்தது. முடிவுகளை இதில் எழுதுவேன். ஜெயிக்கிற கேமராதான் டிசம்பரில் மங்கையின் முதல் பிறந்தநாளைப் படம் எடுக்கும். ஒன்பது வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. அவள் பிறந்தநாள் படத்தில் விளையாட முடியாது. எது ஜெயிக்கும் என்று எனக்கு இப்பவே தெரியும், அது வேறு விஷயம்.

23 அக்டோபர், செவ்வாய்

ஆயுதபூஜை. அரிவாள்மனை, தையல் மெஷின், என் ஸ்கூட்டர் சாவி வரிசையில் என் கேமராவையும் வைத்தேன். பக்கத்தில் தீப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள் செண்பகம். ரெண்டுக்கும் சந்தனம், குங்குமம். தீப்பெட்டிக்கு வைத்த சந்தனம் சரியாக ஃபிளாஷ் கண்ணாடி மேலேயே அப்பிக்கொண்டது. "ஆயுதத்துக்குத்தான் பூஜை, வெளையாட்டுச் சாமானுக்குமா?" என்று கேட்டேன். "அப்ப ஒங்க அம்மிக்கல்ல அடுப்படிலல்ல வைக்கணும்" என்றாள்.

சுண்டல் நன்றாக இருந்தது.

27 அக்டோபர், சனி

முதல் சோதனை. விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தைத்தான் மாற்ற வேண்டும். அதே முற்றம், அதே வெயில், அதே பிள்ளை. கேமரா மட்டும் மாறும்.

பிள்ளைக்கு விதி தெரியவில்லை. தீப்பெட்டியின் பொத்தானை அமுக்கினால் அது கொஞ்சம் யோசிக்கிறது. அது யோசித்து முடிப்பதற்குள் மங்கை தவழ்ந்து போய்விடுகிறாள். படத்தில் ஒரு குதிங்காலும் தண்ணீர்க் குடமும் இருக்கின்றன. என் கேமராவில் 'சளக்'கென்றால் பிள்ளை உள்ளே. இமை மயிரை எண்ணலாம். நிறத்திலும் என்னுடையதுதான். தீப்பெட்டியில் அவள் மஞ்சள் சட்டை சாம்பார் கொட்டினது மாதிரி இருக்கிறது.

செண்பகத்திடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "ரெண்டு கேமராவயும் நல்லாப் பாத்தீங்க. பிள்ள கொஞ்ச நாளா ஒரு பக்கமாத் தலையச் சாச்சுச் சாச்சுப் பாக்குதே, அதப் பாத்தீங்களா?" என்றாள்.

பிள்ளைகள் என்றால் அப்படி இப்படித்தான் பார்க்கும். முதல் சுற்று அம்மிக்கல்லுக்கு. சே, நானும் அப்படியே எழுதுகிறேன்.

28 அக்டோபர், ஞாயிறு

எட்டயபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. என் கேமரா, பெரிய லென்ஸ், தனி ஃபிளாஷ், எல்லாம் பையில். பஸ்ஸில் நின்றுகொண்டே போனதில் கழுத்து பிடித்துக்கொண்டது. செண்பகம் தீப்பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றி மணிபர்ஸோடு போட்டுக்கொண்டாள்.

நான் எடுத்த படங்கள் அருமை. அவள் எடுத்தவை ஆடிப்போயிருக்கின்றன. ஆனால் ஒன்று கவனித்தேன். அவளுடைய படங்களில் நான் இருக்கிறேன். மங்கை என் மீசையைப் பிடித்து இழுக்கிறாள், நான் 'ஆ' என்று கத்துகிறேன். நானும் பிள்ளையும் சேர்ந்திருக்கிற படம் இதற்கு முன் ஒன்றுகூடக் கிடையாது. சோதனைக்குச் சம்பந்தமில்லாதது. மார்க் இல்லை.

1 நவம்பர், வியாழன்

பவர் கட். சாயங்காலம் ஆனால் பட்டென்று அணைத்துவிடுகிறான். இருட்டில் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு, பிள்ளை அழாமல் இருக்கச் செண்பகம் தீப்பெட்டியில் 'பளிச் பளிச்'சென்று ஃபிளாஷ் அடித்து விளையாட்டுக் காட்டினாள். மங்கைக்கு ஒரே சிரிப்பு.

கரண்ட் வந்த பிறகு படங்களைப் பார்த்தேன். எனக்கு ஒரே சிரிப்பு. பிள்ளை பேய் மாதிரி இருக்கிறாள், கண் ரத்தச் சிவப்பு! இது எல்லாப் பொடிக் கேமராவுக்கும் உள்ள வியாதி. ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள் போய் நேராகத் திரும்பி வருகிறது. நான் ஃபிளாஷை மேலே திருப்பிக் கூரையில் அடித்துத்தான் எடுப்பேன். என் படங்களில் மங்கையின் கண் எப்போதும் கருகருவென்று மையிட்டது மாதிரி இருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை. ஒழுங்காக ரெண்டு கண்ணையும் சிவப்பாக்கக்கூட அந்தத் தீப்பெட்டிக்குத் துப்பில்லை. வலது கண்ணைத்தான் சிவப்பாக்கியிருக்கிறது. இடது கண்ணில் வெள்ளையாக என்னமோ. ஷார்ஜா சரக்கின் லட்சணம்!

3 நவம்பர், சனி

ஆதாரம் கையில் இருக்கட்டும் என்று அந்தப் படங்களைப் பஜார் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டேன். "கண்ணு ஒரு மாதிரி இருக்கே சார், டச் பண்ணிக் கறுப்பாக்கிரவா?" என்றார் கடைக்காரர். "தொடாதீங்க. அதுக்குத்தானே போடுறேன்" என்றேன்.

பேச்சிமுத்துவுக்குப் போன் போட்டு மானத்தை வாங்கினேன். அவன் சிரிக்கிறான். "அத்தான், செவப்புக் கண்ண எடுக்க அதுலயே ஒரு பட்டன் இருக்கு. அத ஆன் பண்ணி வச்சா தானாவே கறுப்பாக்கிரும்."

"சோதனைன்னா சோதனைடா. மருந்து போட்டு மறைக்கிறது கள்ளாட்டம். அந்தப் பட்டன் ஆஃப்லதான் இருக்கும்."

"அது சரி அத்தான், கண்ணுல வெள்ள எப்படி வந்துச்சு?"

"அதான் ஒன் கேமராவோட கொற."

"ஒரே கண்ணுலயா? எல்லாப் படத்துலயுமா?" என்று கேட்டான். பதில் சொல்வதற்குள் கார்டு தீர்ந்து கட்டாகிவிட்டது.

எல்லாப் படத்திலும் இல்லை. எடுத்துப் பரப்பிப் பார்த்தேன். நிறையப் படத்தில்.

4 நவம்பர், ஞாயிறு

குறை எங்கே என்று தெரியாமல் முத்துவிடம் பேச முடியாது. ஜன்னலை எல்லாம் சாத்தி இருட்டாக்கி, முறையாக உட்கார்ந்தேன்.

கேமராவைத் தலைகீழாகப் பிடித்து மங்கையை எடுத்தேன். இப்போது ஃபிளாஷ் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. குறை ஃபிளாஷில் என்றால் வெள்ளையும் மற்றக் கண்ணுக்குப் போக வேண்டும். போகவில்லை. இடம் மாற்றி உட்காரவைத்தேன். போகவில்லை. செண்பகத்தை எடுத்தேன், ரெண்டும் சிவப்பு. கையை நீட்டி என்னையே எடுத்தேன், ரெண்டும் சிவப்பு. எதிர்வீட்டுப் பூனை வந்தது, அதையும் எடுத்தேன், ரெண்டும் பச்சை. மறுபடி மங்கை. வலது சிவப்பு. இடது வெள்ளை.

கேமராவில் குறை இல்லை.

5 நவம்பர், திங்கள்

பள்ளிக்கூடம் போனேன். ஒளிவிலகல் நடத்தினேன். வந்து என் கேமராவின் லென்ஸைத் துடைத்து வைத்தேன். திரும்பவும் துடைத்தேன்.

6 நவம்பர், செவ்வாய்

பள்ளி விட்டதும் நெட் சென்டருக்குப் போய்ப் படித்தேன். கண்ணுக்குள் வளர்கிற கட்டி. புற்று. சின்னப் பிள்ளைகளுக்கு வருவது. ஃபிளாஷ் போட்டோவில் ஒரு கண் வெள்ளையாகத் தெரிவதுதான் பல வீடுகளில் முதல் அடையாளமாம். முற்றிவிட்டால் கண்ணையே எடுத்துவிடுகிறார்களாம், அதற்கும் மேலே போனால் உயிருக்கே என்று போட்டிருந்தது. வேறு காரணமும் இருக்கலாம் என்று கீழே ஏதோ எழுதியிருந்தது. அது மண்டையில் ஏறவில்லை. எழுந்து வந்துவிட்டேன். சென்டர் பையன் "சார் மிச்சக் காசு" என்று வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டான்.

செண்பகத்திடம் எப்படிச் சொல்வது? படங்களைக் காட்டி, "இது கேமராக் கோளாறுதான். இருந்தாலும் மதுரையில ஒரு கண் டாக்டர்ட்டக் காட்டி உறுதிப்படுத்திக்கிருவோம்" என்றேன்.

அவள் என்ன, சின்னப் பிள்ளையா? "கேமராவுக்குக் கோளாறுன்னா ரிப்பேர்க் கடைக்குல்ல போகணும்? கண்ணாஸ்பத்திரிக்கு எதுக்குங்க?" என்றாள்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எடது கண்ணு லேசா மூக்கப் பாக்கப் போகுதேன்னு எனக்கும் தோணிச்சு. எங்க பெரியம்மாட்டச் சொன்னேன். மாறுகண்ணு வந்தா அதிர்ஷ்டம்டி, வாயத் தொறந்து யாருட்டயும் சொல்லிராதன்னாங்க. அதிர்ஷ்டம்தானேன்னு இருந்துட்டேன்."

அதிர்ஷ்டமாம்! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது? தலையைச் சாய்க்கிறாள் என்று அவள் சொன்னபோது மஞ்சள் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான். மங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். இமை மூடியிருக்கும்போது ரெண்டு கண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

8 நவம்பர், வியாழன்
மதுரை, ஆஸ்பத்திரி வராந்தா

கண்ணை விரிய வைக்கச் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள். விரிந்த பிறகுதான் உள்ளே பார்ப்பார்களாம். நாங்கள் காத்திருக்கிறோம். மருந்து எரிச்சலில் பிள்ளை கத்தித் தீர்த்துவிட்டுச் செண்பகத்தின் தோளில் விக்கிக்கொண்டிருக்கிறாள். செண்பகம் நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை.

நான் ரெண்டு கேமராவின் ஃபிளாஷ் கோணத்தைப் படம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தீப்பெட்டியில் ஃபிளாஷுக்கும் லென்ஸுக்கும் இடையில் ரெண்டு விரல் இடம். என்னுடையதில் ஃபிளாஷ் தனியாக, உயரத்தில், கூரையைப் பார்த்து. ரெண்டு விரல் இடத்தை ஒரு சாண் ஆக்கினால் கோணம் எவ்வளவு

கூப்பிடுகிறார்கள்.

அதே நாள், திரும்புகிற பஸ்ஸில்

கட்டி இல்லை.

கட்டி இல்லை. கட்டி இல்லை. கட்டி இல்லை. இம்போசிஷன் மாதிரி நூறு தடவை எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

பஸ் குலுக்குகிறது, எழுத்து கோணலாகத்தான் வரும், வரட்டும். லேடி டாக்டர். தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, நர்ஸ் ரெண்டு பேர் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள, வெகுநேரம் பார்த்தார். வலது கண், இடது கண், திரும்ப இடது கண். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு விளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, "பயப்படாதீங்க. உள்ள கட்டி கிட்டி ஒண்ணும் இல்ல. நரம்பு, திரை எல்லாம் சுத்தமா இருக்கு" என்றார்.

பக்கத்தில் இருந்த ஸ்டூலைப் பிடித்தேன், அது உருளுகிற ஸ்டூல், என்னோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. நர்ஸ் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயசு ஆள், பிளஸ் டூ வாத்தியார், நடு ரூமில் நின்று கேவிக் கேவி அழுதேன். செண்பகம் அழவில்லை. "அப்ப அந்த வெள்ள என்னது டாக்டர்?" என்று கேட்டாள்.

டாக்டர் விளக்கினார். இடது கண்ணுக்குப் பவர் ரொம்ப அதிகம். அதனால் அந்தக் கண் லேசாக உள்பக்கம் திரும்பியிருக்கிறது. கண்ணுக்குள் நரம்பு நுழைகிற இடம் வெள்ளையாக இருக்கும். நேராகப் பார்க்கிற கண்ணில் ஃபிளாஷ் அதில் படாது. திரும்பின கண்ணில் நேராக அதன் மேலேயே பட்டுத் திரும்பி வருகிறது. அவ்வளவுதான்.

"அதுக்காக நீங்க வந்தது வீண்னு நெனைக்காதீங்க. கலங்கலாத் தெரியிற கண்ண மூளை சட்டை பண்ணாது. நல்ல கண்ண மட்டும் வச்சுப் பொழப்ப ஓட்டப் பழகிரும். அப்படியே விட்டுப் பெரிய பிள்ளையானப்பறம் வந்தா, அந்தக் கண்ணு இருந்தும் இல்லாத மாதிரிதான். நாங்களும் பெருசா ஒண்ணும் செய்ய முடியாது. இப்பவே கண்டுபிடிச்சது நல்லதாப் போச்சு. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

பிரிண்ட்களைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எந்தக் கேமரா?"

பையில் என் எஸ்.எல்.ஆரும் இருந்தது. எதற்குக் கொண்டுபோனேன் என்று எனக்கே தெரியவில்லை. தீப்பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தேன். பெரிய கேமராவில் ஃபிளாஷைக் கூரையில் அடித்து ஒரு வருஷமாக நூற்றுக்கணக்கில் எடுத்தேன், ஒன்றிலும் தெரியவில்லை என்று சொன்னேன்.

"தெரியாதுல்ல. நீங்க வெளிச்சத்தக் கூரையில அடிக்கிறீங்க. படம் அழகா வரும். கண்ணுக்குள்ள இருக்கிறது தெரியணும்னா வெளிச்சமும் பாக்கிற கண்ணும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும். நான் தலையில மாட்டுன விளக்கும் அதே வேலைதான் செய்யுது. நல்லவேள, செவப்புக் கண்ண எடுக்கிற பட்டன ஆஃப் பண்ணி வச்சிருந்தீங்க. நெறைய வீட்டுல அத ஆன்லதான் வச்சிருப்பாங்க. அது இதையும் சேத்து மறைச்சிருக்கும்."

என் பிடிவாதத்தை ஒருத்தர் நல்லது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. செண்பகம் சாட்சி.

இனிமேல்தான் வேலை. மங்கைக்குக் கண்ணாடி. தினமும் ரெண்டு மணி நேரம் நல்ல கண்ணை மூடி ஒட்டுப் போட்டு, இடது கண்ணை வேலை வாங்க வேண்டும். "பார்வை வந்துருமா டாக்டர்?" என்று கேட்டேன். "இந்த வயசுல நல்லாவே வர வாய்ப்பு இருக்கு. ஒட்ட ஒழுங்காப் போடணும், அதான் முக்கியம். அந்தக் கண்ணு முழிச்சுக்கிட்டா நான் சொல்ல வேண்டாம், ஒங்களுக்கே தெரியும்" என்றார்.

பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் செண்பகம் ஒரு செட் பூரி சாப்பிட்டாள். இன்னொரு செட் வாங்கினாள். என் தட்டில் மிச்சமிருந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். இவ்வளவு நிம்மதியாக ஒருத்தர் சாப்பிடுவதை நான் பார்த்ததே இல்லை. இப்போது தாயும் பிள்ளையும் என் ரெண்டு தோளிலும் தூங்குகிறார்கள். டைரியை மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன். திருமங்கலம் தாண்டிவிட்டது. எல்லாம் அழகாக இருக்கிறது, டயர்க் கடைகூட.

13 நவம்பர், செவ்வாய்

தீபாவளி. கண்ணாடி நேற்றே வந்துவிட்டது. ரோஸ் கலர் பிரேம், கழன்று விழாமல் தலையைச் சுற்றி ஒரு நாடா. மாட்டிவிட்டதும் மங்கை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தாள். பிறகு என் முகத்தை மேலும் கீழும் ஆராய்ந்தாள், இன்ஸ்பெக்‌ஷன் வந்த அதிகாரி மாதிரி.

எதிர்வீட்டு அக்கா பலகாரத் தட்டோடு வந்து, "ஐயோ பாவம், இந்த வயசுலயே சோடாபுட்டியா! பொம்பளப் பிள்ளையாச்சே" என்று உச்சுக்கொட்டினார்கள். செண்பகம் சளைக்கவில்லை. "ஆமாக்கா, எம்பிள்ள இப்பவே படிக்க ஆரம்பிச்சிட்டா. அடுத்த வருசம் கலெக்டர். அதிரசம் எடுத்துக்கோங்க" என்றாள்.

முத்துவுக்குப் போன் போட்டேன். "மாப்ள, சோதனை முடிவு. நெறம், வேகம், தெளிவு எல்லாத்துலயும் என் கேமராதான். ஆனா ஒன் தீப்பெட்டி ஜெயிச்சிட்டுது" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு தீர்ந்துவிட்டதோ என்று "ஹலோ ஹலோ" என்றேன். "இருக்கேன் அத்தான்" என்றான். குரல் உடைந்திருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "பொறந்தநாளுக்கு அம்மிக்கல்லயும் சேத்து எடுத்துக்கோங்க, பாவம்" என்றான். திமிரைப் பார்!

18 நவம்பர், ஞாயிறு

இருக்கன்குடி மாரியம்மன் கோயில். கண்ணுக்கு நேர்ந்துகொண்டு போகிற இடம். வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினோம். அதோடு எனக்கு மொட்டை. என்னைக் கேட்காமலே செண்பகம் என் தலையை நேர்ந்திருக்கிறாள்!

"நேந்துக்கிறவ ஒந்தலைய நேந்துக்க வேண்டியதுதான?" என்றேன்.

"ஒங்களுக்குத்தான் சாமி நம்பிக்க இல்ல. நம்பிக்க இல்லாதவரு தலையக் குடுத்தாத்தான் ஆத்தாளுக்குப் பெருசு" என்றாள். என்ன ஒரு லாஜிக்! எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

ஆற்று மணலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிடும்போது, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள்தானே நேர்ந்தாய் என்று கேட்டேன். இல்லையாம். ஆடி மாசமாம். அப்போதே கண்ணைக் கவனித்துப் பயந்துபோய், அதிர்ஷ்டம் என்று பெரியம்மா சொன்னதையும் நம்ப முடியாமல், என்னிடம் சொன்னால் மூடநம்பிக்கை என்று கத்துவேன் என்று வாயை மூடிக்கொண்டு இவ்வளவு நாள் இருந்திருக்கிறாள். "சொல்ல வேண்டியதுதானே செண்பகம்" என்றேன். "ஒரு தடவ சொன்னேன். நீங்க கேமரா பாத்துக்கிட்டிருந்தீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதத்தில் வேர்க்கடலை பொறுக்கிக்கொண்டே சொன்னாள். இனிமேல் எதுவானாலும் சொல், கத்தினாலும் சொல் என்றேன். "கத்தாம இருந்துட்டுப் போங்களேன்" என்றாள். அதுவும் சரிதான்.

பிறகு என் எஸ்.எல்.ஆரை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினேன். "என் மொட்டைய எடு" என்றேன். கை ஈரம். இடுப்பில் பிள்ளை. லென்ஸ் மூடியை அவளே கழற்றினாள். படத்தில் என் தலை கலங்கலாகவும் பின்னால் நின்ற ஆடு படு தெளிவாகவும் விழுந்திருக்கிறது. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

25 நவம்பர், ஞாயிறு

கண்ணாடி சுலபம். ஒட்டுதான் எமன். நல்ல கண்ணை மூடினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? ஒட்டிய நிமிஷமே பிய்த்து எறிகிறாள். திரும்ப ஒட்டினால் வீடே இரண்டுபடுகிறது. ஒட்டோடு இருக்கும்போது தவழ மாட்டேன் என்கிறாள். ஒரே இடத்தில் உட்கார்ந்து, கிலுகிலுப்பையை முன்னால் நீட்டினால்கூட வேறு எங்கேயோ கையை நீட்டுகிறாள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. அந்தக் கண் முழிக்கவே முழிக்காதோ என்று பயமாக இருக்கிறது. கட்டி இல்லை என்று பூரி தின்றுவிட்டு வந்தோமே, அதற்குள் இவ்வளவு ஆசைப்படலாமா என்றும் தோன்றுகிறது. ஆசையாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

செண்பகம் ஒரு யோசனை செய்தாள். அவளுக்கு ஒரு ஒட்டு, எனக்கு ஒரு ஒட்டு, கரடி பொம்மைக்கு ஒரு ஒட்டு. மூன்று பேரும் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்ததும் மங்கை அழுகையை நிறுத்திவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிய்க்கவில்லை. மொட்டைத் தலையும் ஒட்டுமாக நான் போய்க் கதவைத் திறந்ததில் பால்காரர் ஒரு படி இறங்கி நின்றுகொண்டார். காபி ஆற்றும்போது ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாமல் பாதிக் காபியைக் கையில் ஊற்றிக்கொண்டேன். பிள்ளை ஏன் தவழப் பயப்படுகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

29 நவம்பர், வியாழன்

ஒட்டு நின்றது. தவழவில்லை.

2 டிசம்பர், ஞாயிறு

இன்றைக்கு வெயில் நன்றாக இருந்தது. கூடத்தில் மங்கைக்கு ஒட்டுப் போட்டு, கண்ணாடியையும் மாட்டி உட்காரவைத்திருந்தோம். செண்பகம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ரெண்டு பேர் முகத்திலும் ஒட்டு.

மங்கை குனிந்தாள். தரையை என்னமோ உற்றுப் பார்த்தாள். ரெண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ஒரு அடி தவழ்ந்தாள். நின்றாள். இன்னும் ஒரு அடி. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். செண்பகத்தைத் தொட்டேன். அவள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு எறும்பு. கறுப்புப் பிள்ளையார் எறும்பு, வெள்ளைத் தரையில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மங்கை அதன் பின்னாலேயே போனாள். விரலை வைத்தாள், தப்பிவிட்டது. திரும்ப வைத்தாள், தப்பியது. அது வளைந்தால் இவளும் வளைந்தாள். வலது கண்ணில் ஒட்டு அப்படியே இருக்கிறது, நான் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன், ஓரம்கூடப் பிரியவில்லை. இடது கண் மட்டும்தான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, ஒரு நகை ஆசாரி மாதிரி நிதானமாக, எறும்பைப் பிடித்துவிட்டாள்.

பிடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏய், துப்பு! துப்பு!" என்று நான் பாய்ந்தேன். செண்பகம் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். வெங்காயக் கை. ஒட்டுப் போடாத கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"விடுங்க! எறும்பு தின்னா கண்ணு நல்லாத் தெரியும்!" என்றாள்.